பழைய கப்பலா, புதிய பெரிய கப்பலா? டிக்கெட் எடுக்கும் முன் நாம் செய்யும் தவறுகள்

தீபாவளி லீவு நெருங்கினால் போதும், சயானிலோ தாராவியிலோ இருக்கிற எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவர் போன் பண்ணிவிடுவார். "நீ கப்பல் ஆபீஸ்ல இருந்தவன்தான? மும்பையில இருந்து போற கப்பல் 1990-ல கட்டினதாம்லா. அதுல ஏறலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து சிங்கப்பூர் போய் பெரிய கப்பல்லயே ஏறிரலாமா?"

மும்பைத் துறைமுகத்தை ஒட்டிய பாலார்ட் எஸ்டேட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். என் கையில் இருந்ததெல்லாம் சரக்குக் கப்பல்களின் காகிதங்கள்தான். ஆனாலும் ஒரு கப்பலை எப்படி விசாரிக்க வேண்டும் என்பது அங்கேதான் பழகியது. அப்புறம் அம்மாவையும் தங்கை குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு இரண்டு வகைக் கப்பலிலும் போய் வந்தேன். எங்கள் ஆட்கள் திரும்பத் திரும்ப எங்கே ஏமாறுகிறார்கள் என்று அதன் பிறகுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கட்டிய வருடத்தைக் கேட்டதுமே பயந்துவிடுகிறோம். மும்பையிலிருந்து 2021-ல் ஓடத் தொடங்கிய கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ், 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டது. முதலில் நார்டிக் எம்பிரஸ், பிறகு எம்பிரஸ் ஆஃப் தி சீஸ், இப்போது வெறும் எம்பிரஸ். கப்பல் உலகில் இது சாதாரணம். 2019-ல் இதே மும்பையிலிருந்து ஓடிய கர்ணிகாவும் 1990-ல் கிரவுன் பிரின்சஸ் என்ற பெயரில் பிறந்ததுதான். இங்கே வருவதற்குள் பல பெயர் மாறியிருந்தது. நடத்திய நிறுவனம் 2020-ல் மூடப்பட்டதும் அந்தக் கப்பல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைக்கப் போனது. பெயர் எத்தனை முறை மாறினாலும் ஐ.எம்.ஓ. எண் என்கிற ஏழு இலக்க எண் மட்டும் கப்பலின் ஆயுள் முழுவதும் மாறாது. அதை வைத்துத் தேடினால் பூர்வீகம் முழுக்க வந்துவிடும். "புத்தம் புதுக் கப்பல்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் நான் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

முப்பது வருடக் கப்பலை முப்பது வருட ஸ்கூட்டர் மாதிரி நினைக்கக் கூடாது. பயணிகள் கப்பலுக்கு வருடா வருடம் சோதனை உண்டு. ஐந்து வருடத்துக்குள் இரண்டு முறை அடிப்பாகத்தையும் பரிசோதித்தாக வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டு, டிரை டாக்கில் முழுக் கப்பலையும் வெளியே நிறுத்தி, ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டி, வண்ணம் பூசி, தேய்ந்ததை மாற்றித்தான் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே கட்டிய வருடத்தோடு, கடைசியாக டிரை டாக் போன வருடத்தையும் கேளுங்கள். பழைய கப்பலில் கம்பளமும் குளியலறைக் குழாயும் எப்படி இருக்கும் என்பதை அந்தப் பதில்தான் சொல்லும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. புதுசு என்றால் ஆபத்தே இல்லை என்று நம்பிவிடுவது. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவுக்குப் பக்கத்தில் பாறையில் மோதிச் சாய்ந்த கோஸ்டா கன்கார்டியா, அப்போது ஓடத் தொடங்கி ஆறு வருடம்கூட ஆகாத கப்பல். 32 பேர் இறந்தார்கள். பாறைக்கு மிக அருகே கப்பலைக் கொண்டுபோன மனிதத் தவறு அது.

ஆனால் வயதில் ஒரு கோடு நிஜமாகவே இருக்கிறது. 2010 ஜூலை 1-க்குப் பிறகு கட்டப்படும் பெரிய பயணிகள் கப்பல்களுக்கு, ஒரு பகுதியில் தீ பிடித்தாலோ தண்ணீர் புகுந்தாலோ மீதியை வைத்துத் தன் சொந்த இயந்திரத்திலேயே துறைமுகம் திரும்பும் ஏற்பாடு கட்டாயம். அதுவரை பயணிகளுக்குக் கழிப்பறை, குடிநீர், சாப்பாடு கிடைக்கிற பாதுகாப்பான இடமும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2013-ல் பார்த்தோம். 1999-ல் கட்டிய கார்னிவல் ட்ரையம்ஃப் கப்பலின் இயந்திர அறையில் தீ பிடித்து, நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு மெக்சிகோ வளைகுடாவில் மிதந்தது. கழிப்பறைகள் வேலை செய்யவில்லை. கடைசியில் கட்டி இழுத்துத்தான் கரை சேர்த்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் புதிய கப்பலுக்குத்தான் என் ஓட்டு.

அதோடு, எந்தக் கப்பலாக இருந்தாலும் புறப்படும் முன் நடக்கிற மஸ்டர் டிரில் என்கிற பாதுகாப்புப் பயிற்சிக்குக் கட்டாயம் போங்கள். புதிய கப்பல்களில் பாதியை போனில் வீடியோவாகக் காட்டிவிடுகிறார்கள். அதைப் பார்த்ததோடு நிறுத்தாமல், ஆபத்து நேரத்தில் நாம் கூட வேண்டிய இடத்துக்குப் படியில் நடந்து போய்ப் பார்த்துவிட வேண்டும். தீ பிடித்தால் லிப்டில் போக முடியாது.

அடுத்தது டன் கணக்கு. இதில் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். "அது 50,000 டன், இது 2,50,000 டன், அஞ்சு மடங்கு கனம், அலையில அசையவே அசையாது" என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். கிராஸ் டன்னேஜ் என்பது எடையே இல்லை. கப்பலுக்குள் மூடிய இடம் எவ்வளவு என்பதன் அளவு அது. ஒரு கப்பல் எத்தனை மதுப் பீப்பாய் ஏற்றும் என்று ஐரோப்பியர்கள் அந்தக் காலத்தில் கணக்குப் போட்டதில் வந்த சொல்.

கொள்ளளவு என்று புரிந்துகொண்டால் அந்த எண்ணே நமக்குப் பயன்படும். டன்னேஜைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், தலைக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். எம்பிரஸ் சுமார் 48,500, கேபினுக்கு இருவர் என்றால் ஏறத்தாழ 1,600 பேர், தலைக்கு 30. சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜென்டிங் டிரீம், 2016-ல் கட்டியது. 1,50,695-ஐ 3,352 பேரால் வகுத்தால் 45. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் போன ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663, 5,610 பேர், 44. பெரிய கப்பலில் நெரிசல் அதிகம் என்று பொதுவாகச் சொல்வது இந்தக் கணக்கில் நிற்காது.

ஆனால் 5,610 என்பது கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்த கணக்கு. பள்ளி லீவில் மூன்றாவது, நான்காவது படுக்கையிலும் குழந்தைகள் வந்துவிடுவார்கள். ஐகானில் அதிகபட்சம் 7,600 பேர் வரை ஏற்றலாம். அப்போது அதே 44, 33 ஆகிவிடும். நாம் போவதே பள்ளி லீவில்தானே? ஆகவே வகுக்கும்போது அதிகபட்ச எண்ணையும் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, மூன்று மாடி உயர நாடக அரங்கின் கூரை வரை உள்ள வெற்றிடமும், இயந்திர அறையும், ஊழியர் குடியிருப்பும் இந்தக் கொள்ளளவில் அடங்கும். நம் கேபின் அதே விகிதத்தில் பெரிதாகிவிடாது. 1990 வாக்கில் கட்டிய கப்பல்களில் உள் கேபின் 120 சதுர அடி அளவில் இருக்கும். இப்போது 150 முதல் 180 வரை கிடைக்கிறது. மும்பையின் பழைய பி.டி.டி. சால் குடியிருப்புகளின் 160 சதுர அடி அறையில் குடும்பம் நடத்திய ஊர்க்காரர்கள் நாம். கூடுதலாகக் கிடைக்கிற அந்த 30, 40 சதுர அடி என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சூட்கேஸைத் தரையில் திறந்து வைத்துவிட்டு ஒருவர் நடக்க முடியுமா என்பது அதில்தான் இருக்கிறது.

பால்கனி விஷயத்தில் எங்கள் சித்தப்பா பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மகனைப் பார்க்கப் போனபோது ஃபுளோரிடாவிலிருந்து ஒரு பெரிய கப்பலில் போக, செம்பூரில் ஒரு ஏஜென்டிடம் பணம் கட்டினார். "பால்கனி கேபின்" என்று ரசீதில் தெளிவாக இருந்தது. சித்தி கேபினுக்குள் போய், ஆசையாகத் திரையை விலக்கிக் கண்ணாடிக் கதவைத் திறந்தால், எதிரே இன்னொரு வரிசைப் பால்கனி. கீழே மரம், செடி, மேஜை போட்டுச் சாப்பிடுகிறவர்கள். கடலைக் காணோம். "கடலைக் காட்டுதோம்னு சொல்லிட்டு பூந்தோட்டத்தைக் காட்டுதாவளே!" என்று போனில் சித்தி அழாக்குறையாகச் சொன்னாள். மிகப் பெரிய கப்பல்களில் சிலவற்றின் நடுவே திறந்தவெளித் தோட்டமும் கடைவீதியும் இருக்கும். அதைப் பார்த்த பால்கனிகளும் பால்கனி என்ற பெயரில்தான் விற்கப்படும், விலை கொஞ்சம் குறைவாக. அந்த ஏஜென்ட் அதைச் சொல்லவே இல்லை. அறுபத்தெட்டு வயதில் முதல் முறையாகக் கடலில் போகிறவர்களுக்கு இதை மறைப்பது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. ஆகவே பணம் கட்டும் முன் கேபின் எண்ணை வாங்கி, டெக் வரைபடத்தில் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். உயிர்காப்புப் படகு ஜன்னலை மறைக்கிறதா என்பதும் அதிலேயே தெரியும். பழைய நடுத்தரக் கப்பல்களில் பால்கனிகளே குறைவு. ஆனால் ஜன்னல் என்றால் அநேகமாகக் கடலைப் பார்த்ததாகத்தான் இருக்கும்.

ஆட்டம், வாந்தி பற்றிய பயத்தில் பெரிய கப்பலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் நிறைய. ஒரே அலையில் நீளமான கப்பல் குறைவாக ஆடும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு வகையிலுமே ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் அடிப்பாகத்தில் இருக்கின்றன. போகிற மாதமும் கேபின் இருக்கும் இடமும்தான் அதிக வித்தியாசம் காட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் எப்படி இருக்கும் என்று மரைன் டிரைவில் நின்றாலே தெரியும். டிசம்பரில் அதே கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கும் கேபின்தான் குறைவாக ஆடும். பெரிய கப்பலின் பதினைந்தாம் தளத்தில் முன்முனையில் அறை எடுத்தால், கொடுத்த கூடுதல் பணத்துக்கு ஆட்டத்தைத்தான் வாங்கியிருக்கிறோம்.

நடை தூரத்தை யாருமே யோசிப்பதில்லை. சிங்கப்பூரில் நாங்கள் ஏறியது 300 மீட்டருக்கும் மேல் நீளமான கப்பல். எங்கள் கேபின் பின்முனையில், சாப்பாட்டுக் கூடம் வேறு பக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை லிப்டுக்குப் பக்கத்து சோபாவில் உட்கார்ந்துதான் எழுந்தாள். நடைபாதையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். முதல் நாள் ராத்திரி வேறொருவர் கதவில் கார்டைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். கப்பல் சுவரும் கதவும் இரும்பு என்பதால் காந்தம் ஒட்டும். வீட்டு பிரிட்ஜில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தைத் தங்கை பையில் போட்டு வந்திருந்தாள். அதைக் கதவில் ஒட்டினோம். மறுநாளிலிருந்து அம்மா எண்ணைப் பார்க்கவே இல்லை, பிள்ளையாரைப் பார்த்துத்தான் வந்தாள். பெரியவர்களோடு போனால் நடுவில், லிப்டுக்குப் பக்கத்தில் கேபின் கேளுங்கள். எம்பிரஸ் மாதிரி 210 மீட்டர் நீளக் கப்பலில் இந்தச் சிரமம் வெகுவாகக் குறையும்.

துறைமுகங்களிலும் கவனம் வேண்டும். நடுத்தரக் கப்பல் எங்கும் நுழையும் என்பதும், பெரிய கப்பலுக்கு எல்லா இடத்திலும் நேரே கரையில் இறங்க வசதியான மேடை இருக்கும் என்பதும் தப்புக் கணக்கு. 2021 ஆகஸ்ட் முதல் வெனிஸ் நகரத்தின் ஜூடெக்கா கால்வாயில் 25,000 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பலுக்கு அனுமதி இல்லை. அந்த அளவில் பார்த்தால் எம்பிரஸே பெரிய கப்பல்தான். லட்சத்தீவில் பவளப்பாறைகளுக்கு வெளியே கப்பல் நின்றுவிடும், சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். நாங்கள் போன அன்று லேசான அலைதான். ஆனாலும் கப்பலின் படியும் படகின் விளிம்பும் ஒன்று ஏற ஒன்று இறங்க, அம்மா இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று திரும்பிவிட்டாள். மேடையில் கட்டுவார்களா, நங்கூரம் போட்டுப் படகில் இறக்குவார்களா என்று ஒவ்வொரு ஊருக்கும் முன்கூட்டியே கேட்டிருந்தால் நான் வேறு பயணம் தேர்ந்தெடுத்திருப்பேன்.

செலவை ஒப்பிடும்போது டிக்கெட்டோடு விமானம், விசா, துறைமுகக் கட்டணம், ஒரு நாளைக்குத் தலைக்கு இவ்வளவு என்று சேரும் டிப்ஸ், வைஃபை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள். சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு போய்த் திரும்பினால் இரண்டாவது முறை சிங்கப்பூருக்குள் நுழைகிறோம். அதற்கேற்ற மல்டிபிள் என்ட்ரி விசா வேண்டும். சைவச் சாப்பாட்டை வெளிநாட்டுக் கப்பலில் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பெரிய கப்பலில் நாடகம், நிகழ்ச்சிகளுக்கு ஆப்பில் இடம் பிடித்து வைக்காவிட்டால் கடைசி நேரத்தில் கிடைக்காது.

தங்கை மகனுக்குப் பதினொரு வயது. பழைய கப்பலில் இரண்டாம் நாளே "வேற என்ன இருக்கு மாமா?" என்று சுற்றிச் சுற்றி வந்தான். பெரிய கப்பலின் நீர்ச்சறுக்கில் அவனைத் தேடிப் பிடித்துத்தான் சாப்பிட வைத்தோம். அம்மா அப்படி இல்லை. மும்பையில் கப்பல் பாலார்ட் பியரை விட்டு விலகிய மாலையில், கீழ்த்தளத்துத் திறந்தவெளியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். தண்ணீர் கிழிபடும் சத்தம் அங்கே கேட்டது. கொலாபா விளக்குகள் பின்னால் போகப் போக, கல்யாணமான புதிதில் அப்பாவோடு லாஞ்சில் எலிஃபண்டா போன கதையைச் சொன்னாள். சிங்கப்பூர்க் கப்பலின் பதினாறாம் தளத்தில் பத்து நிமிடம் நின்றவள், "ரொம்பக் கீழ கிடக்கு கடல்" என்று உள்ளே வந்துவிட்டாள்.

இந்த டிசம்பருக்குத் தங்கை குடும்பம் சிங்கப்பூரில் ஏறுகிறது. அம்மாவுக்கும் எனக்கும் மும்பையிலிருந்து கோவா போய்த் திரும்பும் பயணத்தில், நான்காம் தளத்தில், நடுவில், லிப்டுக்கு மூன்றாவது கதவாக ஒரு ஜன்னல் கேபின் கேட்டிருக்கிறேன். பிள்ளையார் காந்தத்தைத் தங்கையிடமிருந்து இப்போதே வாங்கி வைத்தாயிற்று.