வீட்டுக்கு வந்த நோட்டீஸ்

திருப்பூரில் பனியன் துணிக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறேன். ஒரு ஆர்டரில், துவைத்ததும் பிரிண்ட் உரிந்துவிட்டது. நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது, யூனிட்டுக்கு அல்ல, வீட்டுக்கு. அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். கை நடுங்க என்னிடம் நீட்டினார். தனி ஆளாக நடத்தும் ப்ரொப்ரைட்டர்ஷிப்பில் தொழில் வேறு, ஆள் வேறு கிடையாது, கடனுக்கு வீடும் பொறுப்பு என்பது அன்றுதான் உறைத்தது.

அதைப் பேசித் தீர்த்தபின் ஓபிசி (OPC) பதிவு செய்தேன்: 2013 கம்பெனிச் சட்டத்தில் வந்த ஒரு நபர் கம்பெனி. இதில் கம்பெனி வேறு, ஆள் வேறு. எனக்குப் பின் கம்பெனியை ஏற்கும் நாமினி என் மனைவி. பதிவு அலுவலக முகவரியை மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் (எம்சிஏ) தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் வீட்டைக் காட்டாமல் யூனிட்டின் வாடகை ஒப்பந்தம், ஓனரின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் (என்ஓசி), கரண்ட் பில் கொடுத்தேன். பான் மாறியதால் ஜிஎஸ்டியும் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது.

பழைய பாக்கிகள் மட்டும் என் தலையிலேயேதான் இருந்தன. பிறகு புது மெஷினுக்கு லோன் கேட்டபோது பாங்க்கில் பர்சனல் கியாரண்டி கேட்டார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடனுக்கு மறுபடி வீடுதான் முன்னால் நிற்கும். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். மெஷின் ஒரு வருஷம் தள்ளிப்போனது; அம்மா நிம்மதியாகத் தூங்கினார். இப்போது கம்பெனி பெயரும் ‘டைரக்டர்’ என்ற சீலும் இல்லாமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை.