டிவி பாக்ஸை எந்த போர்ட்டில் செருகுவது?

அம்மாப்பேட்டையில் சித்தி வீட்டுக்குப் போன வாரம் ஃபைபர் இணைப்போடு இணைய டிவியும் வந்தது. போனில் நெட் பறக்கிறது, டிவியில் மட்டும் சேனல் வரவில்லை. சித்தப்பா ரௌட்டரை நாலு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

டிவி பாக்ஸின் கேபிள் ரௌட்டரில் தவறான போர்ட்டில் இருந்தது, அவ்வளவுதான். சில நிறுவனங்கள் சேனல்களை இணையத்தோடு கலக்காமல் தனி விலானில் (VLAN, அதே இணைப்புக்குள் பிரித்துவைத்த தனிப் பாதை) அனுப்பும். அதற்கென்றே ரௌட்டரில் ஒரு லேன் போர்ட்டை ஒதுக்கியிருப்பார்கள். எதுவென்று இணைப்பு கொடுக்க வருபவரிடமே கேட்டு, அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

சேனல் வந்து சில நொடிகளில் உறைந்து நின்றால் கதை வேறு. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து (பலவற்றில் 192.168.1.1), ஐஜிஎம்பி ப்ராக்ஸியும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். ஐஜிஎம்பி (IGMP) என்பது பாக்ஸ் தனக்கு வேண்டிய சேனலைக் கேட்கும் முறை. ப்ராக்ஸி அந்தக் கோரிக்கையை நிறுவனத்துக்குக் கொண்டுபோகும், ஸ்னூப்பிங் எந்த போர்ட் கேட்டது என்று கவனிக்கும். ஸ்னூப்பிங் இல்லையென்றால் சேனல் கேட்ட பாக்ஸுக்கு மட்டும் போகாமல் எல்லா போர்ட்டிலும், வைஃபையிலும்கூடக் கொட்டும். வீட்டு நெட்டே படுத்துவிடும். எதை மாற்றும் முன்பும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். குண்டூசியால் ரீசெட் பட்டனைக் குத்தும் வேலை மட்டும் வேண்டாம். விலான் எண்ணும் லாகின் விவரமும் அதோடு போய்விடலாம். சித்தப்பா கையில் ஊசியோடுதான் நின்றிருந்தார்!

அப்புறம், பழைய வீட்டின் தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபையை நம்ப வேண்டாம். பாக்ஸுக்கு கேட் 5இ (Cat 5e) நெட்வொர்க் கேபிளே இழுங்கள், 100 மீட்டர் வரை தாங்கும். ஏற்காட்டில் இருப்பவர்கள் இடி இடித்தால் ரௌட்டர், பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.