பழைய கார் வாங்கும்போது ஓடிய கிலோமீட்டரைச் சரிபார்ப்பது எப்படி?

டிஜிட்டல் மீட்டரில் எண்ணைக் குறைக்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், உரிய கருவி இருந்தால் பல கார்களில் டாஷ்போர்டைக் கழற்றாமலேயே அதை மாற்றிவிடுகிறார்கள்.

ஆகவே முதலில் டயரைப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். 2019இல் வாங்கி 25,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் காரின் நான்கு டயர்களும் 2022இல் தயாரானவையாக இருந்தால், முதல் டயர்கள் அவ்வளவு விரைவில் தேய்ந்தது ஏன் என்று கேளுங்கள். பிரேக் பெடலின் ரப்பர் மழுங்கியிருப்பதும் ஸ்டியரிங் வழவழப்பாகியிருப்பதும் மீட்டரைவிட நேர்மையான சாட்சிகள். பிறகு, சர்வீஸ் ரசீதுகளில் தேதிவாரியாகப் பதிவான கிலோமீட்டரை மீட்டருடன் ஒப்பிடுங்கள். ரசீதே இல்லை என்பதும் ஒரு பதில்தான்.

இந்த மோசடியில் பணத்தைவிடப் பெரிய இழப்பு பராமரிப்பில் நேர்கிறது. டைமிங் பெல்ட் (வால்வுகளும் பிஸ்டன்களும் ஒத்திசைந்து இயங்க வைக்கும் பட்டை) உள்ள எஞ்சினில், மாற்ற வேண்டிய கெடு கடந்ததை மீட்டர் மறைத்துவிட்டால், ஓடும்போதே பெல்ட் அறுந்து, பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

ஏமாந்தது தெரிந்தால், விற்பனை ஒப்பந்தம், விளம்பரத்தின் நகல், பணம் செலுத்திய சான்று ஆகியவற்றுடன் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். ஏமாற்றிச் சொத்தைப் பெறும் குற்றத்துக்குப் இந்தியாவின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவு ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. விற்றவர் வியாபாரி என்றால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம்.