பல ஆண்டு உழைக்கும் டயர் கேஜ்: பார்த்து வாங்குவது எப்படி?

டயரைக் காலால் உதைத்துப் பார்த்துக் காற்று போதும் என்று சொல்லிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. ரேடியல் டயரில் காற்று நன்றாகக் குறைந்த பிறகும் அது கண்ணுக்கோ காலுக்கோ பிடிபடாது. கையில் காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு கேஜ் வேண்டும். விற்பனைக்கு வருபவற்றில் பல, ஒட்டி மூடிய பிளாஸ்டிக் கூடுகள். உள்ளே ஒரு வாஷர் தேய்ந்தால் மொத்தமும் குப்பைக்குத்தான். அப்படி வீணான மூன்று கேஜ்களை எறிய மனமில்லாமல் பிரித்துப் பார்த்தேன். மூன்றிலும் பெரும்பகுதி நன்றாகவே இருந்தது. சரிசெய்யத்தான் வழி வைக்கப்படவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

காராக இருந்தால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். டயரில் நிரப்ப வேண்டிய அழுத்தம் அதில் இருக்கும்; அதுதான் உங்கள் எண். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அழுத்தம்; நீங்கள் நிரப்ப வேண்டிய அளவு அதுவல்ல.

உங்கள் எண் 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். 0 முதல் 60 வரை அளக்கும் கேஜை வாங்குங்கள். எவ்வளவு அதிகம் அளக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது தவறு. வட்ட முகப்பில் முள் சுழன்று அளவைக் காட்டும் முள் கேஜின் பிழையை அதன் முழு அளவில் இத்தனை சதவீதம் என்றே கணக்கிடுகிறார்கள். 2% பிழையுள்ள 60 பி.எஸ்.ஐ. கேஜ் 1.2 வரை தவறலாம். அதே 2% பிழையுள்ள 100 பி.எஸ்.ஐ. கேஜ் 2 வரை தவறும். முகப்பின் நடுப்பகுதியில்தான் துல்லியமும் அதிகம். உங்கள் எண் அந்த நடுவில் விழ வேண்டும். 100 பி.எஸ்.ஐ. கேட்கும் பந்தய மிதிவண்டிக்கு வேறு கேஜ்தான் சரி.

படி 2: வகையைத் தேர்ந்தெடுங்கள்

பேனா வடிவக் கேஜில் காற்று ஒரு பிஸ்டனைத் தள்ள, சுருள்வில் எதிர்க்க, அளவுகோல் வெளியே நீளும். பேட்டரி வேண்டாம், சட்டைப் பையில் அடங்கும். ஆனால் நுணுக்கமாகப் படிப்பது கடினம். டிஜிட்டல் கேஜைப் படிப்பது எளிது. அதை வாங்குவதானால் பேட்டரி மூடி திறக்கிறதா, உள்ளே இருப்பது சி.ஆர். 2032 போல எங்கும் கிடைக்கும் பேட்டரிதானா என்று பாருங்கள்.

என் விருப்பம் முள் கேஜ். அதற்குள் ஆங்கில ‘சி’ எழுத்தைப் போல வளைந்த, சற்றே தட்டையான ஓர் உலோகக் குழாய் இருக்கிறது. காற்று புகுந்ததும் குழாய் நிமிரப் பார்க்கிறது, ஊதினால் விரியும் காகித ஊதலைப் போல. நுனியின் அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரங்கள் பெருக்கி முள்ளைத் திருப்புகின்றன. பிரெஞ்சுக்காரரான யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மின்சாரம் தேவையில்லை. கீழே விழுந்தால் மட்டும் பல்சக்கரம் பிசகிவிடும். அதனால் தடித்த ரப்பர் உறை உள்ளதாக எடுங்கள்.

படி 3: கையில் வாங்கி ஆராயுங்கள்

முதலில் முள் ஓய்வாக எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பூஜ்யத்தில் ஒரு சிறு ஆணி முள்ளைத் தடுத்து நிறுத்தினால், உள்ளே பிசகு இருந்தாலும் முள் பூஜ்யத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஆணியில்லாத முகப்பில் பிசகு உடனே கண்ணில் படும்.

பிறகு இணைப்புகள். குழாயும் தலைப்பகுதியும் மரையிட்டுத் திருகப்பட்டிருந்தால் பின்னாளில் கழற்றி மாற்றலாம். அழுத்தி நசுக்கிப் பொருத்தியிருந்தால் முடியாது. வால்வில் வைக்கும் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். ரப்பர் வாஷர் தெரியும். முதலில் தேய்வது அதுதான்.

அட்டையில் ‘தொழில்முறைத் தரம்’ என்று எழுதியிருப்பதால் ஒன்றும் தெரியாது. அழுத்தக் கேஜ்களுக்கான அமெரிக்கத் தரநிலையான ஏ.எஸ்.எம்.இ. பி40.100இன் ‘பி’ தரம், அல்லது ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 837இன் 1.6 வகுப்பு என்பதுபோல் குறிப்பாகப் போட்டிருந்தால் அதற்கு மதிப்புண்டு. முன்னதில் நடுப்பகுதியில் 2%, இரு ஓரங்களிலும் 3% வரை பிழை இருக்கலாம்.

படி 4: சோதித்துப் பாருங்கள்

வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். ஓடிய டயரில் சூட்டால் அழுத்தம் ஏறியிருக்கும். கேஜின் வாயை வால்வில் நேராக வைத்து அழுத்துங்கள். ‘உஸ்’ சத்தம் நின்ற பிறகே அளவைப் படியுங்கள். ஒரே டயரில் ஐந்து முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தும் அரை பி.எஸ்.ஐ.க்குள் ஒத்துப்போனால் நல்ல கேஜ். ஒவ்வொரு முறையும் துளிக் காற்று வெளியேறும். கார் டயரில் அது பொருட்டல்ல, மெல்லிய மிதிவண்டி டயரில் அளவு இறங்குவது தெரியும்.

அடுத்து, அளவுத்திருத்தம் செய்யப்பட்ட கேஜ் வைத்திருக்கும் பணிமனையில் அதே டயரை அளந்து ஒப்பிடுங்கள். உங்களுடையது எப்போதும் 1 கூடுதலாகக் காட்டினால் கவலை வேண்டாம். ஒரு துண்டு நாடாவில் ‘1 கழிக்கவும்’ என்று எழுதிப் பின்புறம் ஒட்டிவிடுங்கள். மாறாத பிழையோடு பல ஆண்டு காலம் தள்ளலாம். இன்று 30, நாளை அதே டயரில் 33 என்று காட்டும் கேஜைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 5: வைத்துக் காப்பாற்றுங்கள்

மற்ற கருவிகளோடு உருளவிடாமல் தனிப் பையில் வையுங்கள். அளந்ததும் காற்று விடும் பொத்தானை அழுத்தி முள்ளைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். என்னதான் நேராகப் பிடித்தாலும் சத்தம் நிற்கவில்லையென்றால் முதலில் கேஜின் வாஷரைச் சந்தேகியுங்கள். பழையதை ஊசியால் நெம்பி எடுத்து, அதே அளவில் புதியதை அழுத்தி வைக்க ஐந்து நிமிடம் போதும். மாற்று வாஷர் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். கிடைத்தால் இரண்டை வாங்கிக் கேஜின் பைக்குள்ளேயே போட்டுவையுங்கள்.