பழைய பின்பால் மேசைகளை வீட்டுத் திரையில் ஆடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பின்பால் என்பது, சாய்ந்த மேசையில் உருளும் பந்தைக் கீழே விழவிடாமல் தட்டித் தட்டிப் புள்ளிகள் சேர்க்கும் ஆட்டம். வில்லியம்ஸ், பாலி, காட்லீப் ஆகிய சிகாகோ நிறுவனங்கள் ஆர்கேடுகள் எனப்படும் விளையாட்டுக் கூடங்களுக்காக உருவாக்கிய பின்பால் மேசைகளில் பலவற்றை இன்று தொலைக்காட்சியிலோ கணினியிலோ கைப்பேசியிலோ ஆட முடிகிறது. பின்பால் என்ற பெயரில் வெளிவந்த எல்லா வீடியோ கேம்களும் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. இங்கே சொல்லப்படுபவை, உண்மையில் மரத்தாலும் இரும்பாலும் செய்யப்பட்டு ஆடப்பட்ட ஒரு குறிப்பிட்ட மேசையின் அமைப்பு, சாய்வு, விளக்குகள், ஒலிகள், விதிகள் அனைத்தையும் திரையில் மீண்டும் கொண்டுவர முயலும் ஆட்டங்கள். ஆகவே உண்மையான மேசையில் தேர்ந்தவர்கள் கையாளும் உத்திகள் பெரும்பாலும் இங்கும் பலிக்கின்றன. அவற்றைத் தொடக்கத்திலிருந்தே முறையாகக் கற்பிப்பதே இந்த விளக்கத்தின் நோக்கம்.

படி 1: எந்த மேசையில் தொடங்குவது?

காட்லீப் மேசைகளின் தொகுப்பு ஒன்றை 2004இலும், வில்லியம்ஸ் மேசைகளின் தொகுப்பை 2008இலும் ஃபார்சைட் ஸ்டுடியோஸ் நிறுவனம் ‘பின்பால் ஹால் ஆஃப் ஃபேம்’ என்ற பெயரில் உருவாக்கியது. அதே நிறுவனத்தின் ‘தி பின்பால் ஆர்கேட்’ 2012இல் வெளிவந்தது. வில்லியம்ஸ், பாலி மேசைகளுக்கான உரிமம் 2018இன் நடுப்பகுதியில் அந்நிறுவனத்திடமிருந்து விலகியதால், அந்த மேசைகள் அதன் விற்பனையிலிருந்து நீங்கின. அதே ஆண்டு அக்டோபர் முதல் ஜென் ஸ்டுடியோஸ் நிறுவனம் தன் ‘பின்பால் எஃப்எக்ஸ்’ வரிசையில் அவற்றை வெளியிடத் தொடங்கியது. ஆகவே ஒரே மேசை இரண்டு வெவ்வேறு ஆட்டங்களில் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. இத்தகைய ஆட்டங்களில் மேசைகள் உரிமத்தைப் பொறுத்தே வருவதும் போவதுமாக இருக்கின்றன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, வாங்கும் முன் தற்போது கிடைக்கும் மேசைகளின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில், உங்களுக்குப் பிடித்த படத்தின் பெயரைத் தாங்கிய மேசையைத் தேர்ந்தெடுக்கும் ஆசை எழும். ஆனால் 1990களின் பெரிய மேசைகளில் விதிகள் அடுக்கடுக்காக இருப்பதால், எதை அடித்தால் என்ன நடக்கிறது என்றே புரியாமல் பந்து போய்விடும். என் பரிந்துரை இரண்டு மேசைகள். ஒன்று, வில்லியம்ஸின் ‘ஃபயர்பவர்’ (1980). இதில் குறிகள் கண்ணுக்கு நேராக இருக்கின்றன, விதிகளும் எளியவை. மற்றொன்று, பிரையன் எடி வடிவமைத்த ‘அட்டாக் ஃப்ரம் மார்ஸ்’ (1995). இது பிற்கால மேசையானாலும், நடுவில் நிற்கும் பறக்கும் தட்டைத் தகர்க்க வேண்டும் என்ற இலக்கை யாரும் விளக்காமலே புரிந்துகொள்ளலாம். இரண்டில் எது கையில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, சில நாள்களுக்கு வேறு மேசைக்குத் தாவாமல் அதிலேயே ஆடுங்கள்.

படி 2: திரையையும் பொத்தான்களையும் சரிசெய்தல்

இந்தப் படியைப் பலர் தாண்டிச் செல்கிறார்கள். பிறகு தங்கள் கை மந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல தொலைக்காட்சிகள் படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்காகச் சிறிது நேரம் எடுத்துக்கொள்வதால், நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கும், பந்தைத் தட்டி மேலே அனுப்பும் துடுப்பான ஃபிளிப்பர் திரையில் எழுவதற்கும் இடையே ஒரு தாமதம் ஏற்படுகிறது. வேறு பல ஆட்டங்களில் இது உறுத்தாது. பின்பாலிலோ ஃபிளிப்பரின் மேல் பந்து இரண்டு விரல்கடை நகர்ந்துவிட்டாலே அது செல்லும் திசை முழுவதும் மாறிவிடும். எனவே தொலைக்காட்சியின் அமைப்புகளில் ‘கேம் மோட்’ என்பதைத் தேடி இயக்குங்கள். ஒலி புளூடூத் வழியாகச் சென்றால் அதுவும் தாமதமாகும் என்பதால், கம்பிவழி ஒலிபெருக்கியோ தொலைக்காட்சியின் சொந்த ஒலியோ மேலானது.

ஃபிளிப்பர்களைக் கன்ட்ரோலரின் தோள் பொத்தான்களில் அமைத்துக்கொள்ளுங்கள். கணினி விசைப்பலகையானால் இடது, வலது ஷிஃப்ட் விசைகள் பொருத்தமானவை. பந்தைத் தொடர்ந்து நகரும் கேமராக் கோணங்கள் பார்க்க அழகாக இருந்தாலும், மேசை முழுவதும் அசையாமல் தெரியும் கோணத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபிளிப்பரிலிருந்து குறி வரையிலான தூரம் எப்போதும் ஒரே மாதிரி தெரிந்தால்தான் கை அதைப் பழகிக்கொள்ளும். திரையை நிமிர்த்தி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் பின்பால் மேசை அகலத்தைவிட இரு மடங்குக்கு மேல் நீளமானது. படுக்கைவாட்டத் திரையில் பாதி இடம் வெறுமையாகவே கிடக்கும். மூல மேசையில் இல்லாத கூடுதல் சக்திகளையும் புதிய அசைவூட்டங்களையும் சில ஆட்டங்கள் சேர்த்திருக்கின்றன. கற்கும் காலத்தில் அவற்றை அணைத்துவிடுங்கள்.

படி 3: பந்தை ஏவுமுன் மேசையைப் பார்த்தல்

மேசையின் அடிப்பகுதியில் இரு ஃபிளிப்பர்கள் உள்ளன. அவற்றுக்கு மேலே இருபுறமும் முக்கோண வடிவில் இருப்பவை ஸ்லிங்ஷாட்டுகள். பந்து பட்டவுடன் அதைப் பக்கவாட்டில் உதைத்துத் தள்ளுபவை. அவற்றின் வெளிப்புறத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு குறுகிய வழிகள் தெரியும். உள்ளே இருக்கும் இன்லேன் பந்தை ஃபிளிப்பரிடம் கொண்டுவந்து சேர்க்கும். வெளியே இருக்கும் அவுட்லேன் அதைக் கீழே விழுங்கிவிடும். மேலே வட்டமான பம்பர்கள், சாய்ந்தேறும் ராம்ப்கள், அடித்தால் கீழே மடங்கும் டிராப் டார்கெட்டுகள், சுழலும் ஸ்பின்னர்கள் ஆகியவை மேசைக்கு மேசை இடம் மாறும். உங்கள் மேசையில் இவை எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் இப்போதைக்குப் போதும்.

படி 4: பிளஞ்சரை அளந்து விடுதல்

பந்தை மேலே ஏவும் சுருள்வில் கம்பியே பிளஞ்சர். முழு வலுவுடன் இழுத்துவிடுவது பலருக்கும் பழக்கமாக இருந்தாலும், பெரும்பாலான மேசைகளில் குறிப்பிட்ட அளவு வலுவுடன் விட்டால் மட்டுமே கிடைக்கும் ‘ஸ்கில் ஷாட்’ என்ற தனிப் புள்ளிகள் உள்ளன. நியூயார்க் நகரில் பின்பால் சூதாட்டம் என்று கருதப்பட்டு 1942 முதல் தடைசெய்யப்பட்டிருந்தது. 1976இல் நகர மன்றத்தினர் முன்னிலையில் ரோஜர் ஷார்ப் என்பவர், பந்து மேலேயுள்ள நடு வழியில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிளஞ்சரை இழுத்து அப்படியே செய்துகாட்டினார். இது திறமைக்குரிய ஆட்டம் என்று ஏற்கப்பட்டுத் தடை நீங்கியது. அவர் செய்ததையே நீங்களும் பயிற்சியாகச் செய்யலாம்: ஒவ்வொரு முறையும் எந்த வழி என்று முடிவுசெய்துகொண்டு பிளஞ்சரை இழுங்கள். ஃபயர்பவரில் மற்றொரு வசதியும் உண்டு. மேல் வழிகளில் எரியும் விளக்குகளை ஃபிளிப்பர் பொத்தானைத் தட்டி இடம் மாற்றலாம். ஏற்கெனவே எரிகிற வழியை நோக்கிப் பந்து வருவதைக் கண்டால், எரிகிற விளக்கை அங்கிருந்து நகர்த்திவிட்டுப் புதிய விளக்கு ஒன்றை ஏற்றிக்கொள்ள முடியும்.

படி 5: பந்தை நிறுத்துதல்

இந்த விளக்கத்தில் ஒன்றை மட்டும் கற்க நேரமிருந்தால், இதைக் கற்றுக்கொள்ளுங்கள். பின்பாலைப் புதிதாக ஆடுகிறவர்கள் பந்து கீழே வருவதைக் கண்டதும் இரு பொத்தான்களையும் ஒருசேரப் படபடவென்று தட்டுகிறார்கள். அப்போது இரு ஃபிளிப்பர்களும் எழுந்து நடுவிலுள்ள இடைவெளி அகன்றுவிடுவதுடன், பந்து எங்கே செல்லும் என்பதும் யார் கையிலும் இல்லாமல் போகிறது. நன்றாக ஆடுகிறவரைக் கவனித்தால் அவர் ஆட்டம் மெதுவாகவே தோன்றும். அவர் பந்தை நிறுத்திவிட்டு, யோசித்து, அடுத்த அடியை அடிக்கிறார்.

முதலில், ஒரு நேரத்தில் ஒரு ஃபிளிப்பரை மட்டுமே இயக்குவது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, இன்லேன் வழியாகப் பந்து மெதுவாக இறங்கும் தருணத்தில், அந்தப் பக்கத்து ஃபிளிப்பரை உயர்த்தி அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். பந்து உயர்ந்த ஃபிளிப்பரில் சற்று ஏறித் திரும்பி, அதன் அடிப்பகுதிக்கும் இன்லேனின் ஓரத்துக்கும் இடையிலான மூலையில் வந்து நின்றுவிடும். பொத்தானை விடாதவரை அது அங்கேயே இருக்கும். நின்ற பந்துக்கு அவசரமில்லை. மேலே எந்த விளக்கு எரிகிறது, எந்தக் குறி மிச்சம் என்று பார்க்க உங்களுக்கு வேண்டிய நேரம் இருக்கிறது.

அடுத்தது, எதையும் செய்யாமல் இருக்கும் கலை. மேலிருந்து வேகமாக வரும் பந்து ஒரு ஃபிளிப்பரின் நடுப்பகுதியில் விழப்போகிறது என்றால், அந்த ஃபிளிப்பரைத் தொடாதீர்கள். பந்து அதில் பட்டுத் துள்ளி, வேகம் குறைந்து, எதிர்ப்பக்க ஃபிளிப்பருக்குத் தாவும். அங்கே ஃபிளிப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்ளலாம். விரலை அடக்கிக்கொள்வது தொடக்கத்தில் மிகவும் கடினம், நடுவே விழுந்துவிடுமோ என்ற பயம் கையை இழுக்கும். ஓர் ஆட்டம் முழுவதையும் புள்ளிகளைக் கருதாமல் இந்தத் துள்ளலைப் பழகுவதற்கென்றே ஒதுக்குங்கள். உண்மையான மேசையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காசு போட வேண்டியிருந்ததால் இப்படிப் பழக யாருக்கும் மனம் வராது. வீட்டு வடிவத்தின் பெரிய வசதி, எத்தனை முறை வேண்டுமானாலும் செலவில்லாமல் புதிதாகத் தொடங்கலாம் என்பதே.

படி 6: குறிபார்த்து அடித்தல்

நிறுத்திய பந்தை அடிக்க, ஃபிளிப்பரை ஒருமுறை கீழே விட்டால் பந்து அதன் மேல் நுனியை நோக்கி உருளத் தொடங்கும். அது எந்த இடத்தில் இருக்கும்போது பொத்தானை அழுத்துகிறீர்களோ அதைப் பொறுத்துத் திசை அமைகிறது. பந்து நுனிக்கு அருகில் சென்றபின் தட்டினால், அது மேசையின் குறுக்காக எதிர்ப்பக்கத்தை நோக்கிச் சாய்ந்து செல்லும். நடுப்பகுதியில் தட்டினால் ஏறத்தாழ நேராக மேலே போகும். அடிப்பகுதியிலேயே தட்டினால், அதே பக்கத்தை நோக்கித் திரும்பும். வலது ஃபிளிப்பரால் அடித்த பந்து குறியைத் தாண்டி இடப்புறம் போய்விட்டது என்றால் நீங்கள் தாமதித்துவிட்டீர்கள். வலப்புறம் விழுந்தது என்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள். தவறிய ஒவ்வோர் அடிக்கும் பிறகு இதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டால், கை விரைவில் திருத்திக்கொள்ளும்.

படி 7: மேசையை அசைத்தல்

ஃபிளிப்பர் என்பது காட்லீப்பின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்ற மேசையில், 1947இல்தான் பின்பாலுக்கு வந்தது. அதற்கு முன்பு, ஏவிய பந்தைக் கட்டுப்படுத்த மேசையையே இலேசாகத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் பழைய உத்தி இன்றும் சட்டபூர்வமானது. கன்ட்ரோலரில் பெரும்பாலும் இடது குச்சியை அசைத்தால் மேசை அசையும். பந்து அவுட்லேனின் வாயிலிலுள்ள கம்பத்தில் மோதும் அதே நொடியில் ஒரு சிறு தட்டு கொடுத்தால், அது இன்லேனுக்குள் விழ வாய்ப்பு கூடும். மோதிய பிறகு அசைப்பதால் பயனில்லை.

அளவு மீறினால் ‘டில்ட்’ ஆகிவிடும். உண்மையான மேசையின் உள்ளே ஓர் உலோக வளையத்தின் நடுவே ஊசல் ஒன்று தொங்கும். மேசை பலமாக அசைந்தால் ஊசல் வளையத்தைத் தொட்டு மின்சுற்றை முடித்துவிடும். ஃபிளிப்பர்கள் செயலிழந்து, அந்தப் பந்தும் அதன் இறுதியில் சேரவேண்டிய போனஸும் பறிபோகும். 1990களின் மேசைகள் வழக்கமாக முதலில் எச்சரிக்கும். பழைய மேசைகளில் அந்தத் தயவு இல்லை. திரையிலும் இது அப்படியே பின்பற்றப்படுவதால், ஒரு தட்டுக்குப் பிறகு ஊசல் அடங்குவதற்குச் சற்று நேரம் கொடுத்துவிட்டே மறுபடி தட்ட வேண்டும்.

படி 8: ஒரே ஓர் இலக்கை எடுத்துக்கொள்ளுதல்

இப்போது மேசையின் விதிகளுக்கு வரலாம். ஆட்டத்தின் பட்டியலில் விதிகளைப் படங்களுடன் விளக்கும் பக்கங்கள் இருக்கும். அவற்றை முழுவதும் மனப்பாடம் செய்யாமல், ஒரே நேரத்தில் பல பந்துகளை ஆடும் மல்ட்டிபால் தொடங்குவது எப்படி என்ற பகுதியை மட்டும் படியுங்கள். பல மேசைகளில் பெரிய புள்ளிகள் அங்கேதான் இருக்கின்றன. பாட் லாலரின் ‘ஃபன்ஹவுஸ்’ (1990) மேசையில், நடுவிலுள்ள கடிகாரத்தை நள்ளிரவு வரை நகர்த்தினால் ரூடி என்ற பேசும் பொம்மைத் தலை உறங்கி வாயைத் திறக்கும்; அந்த வாய்க்குள் பந்தை அடித்தால் மல்ட்டிபால் தொடங்கும். இந்த ஒரு வாக்கியம் தெரிந்தாலே அந்த மேசை பாதி வசப்பட்டுவிடும்.

அட்டாக் ஃப்ரம் மார்ஸில், பறக்கும் தட்டின் முன்னே மூன்று டார்கெட்டுகள் சேர்ந்த ஒரு தடுப்பு நிற்கிறது. அவற்றை அடித்தால் தடுப்பு கீழே இறங்கும். பிறகு தட்டையே தாக்கலாம். ஆனால் நடுவிலிருக்கும் குறியில் மோதிய பந்து, ஃபிளிப்பர்களின் இடைவெளியை நோக்கி நேராகத் திரும்பி வரக்கூடியது. எனவே ஓடும் பந்தால் அதை அடிக்காமல், நிறுத்திய பந்தால் மட்டும் சற்றே ஓரமாகக் குறிபார்த்து அடியுங்கள். இடையிடையே இரு ராம்ப்களையும் பயன்படுத்துங்கள். ராம்ப் ஏறிய பந்து இன்லேன் வழியாக நிதானமாக ஃபிளிப்பரிடம் திரும்புவதால் அதை எளிதாக நிறுத்தலாம். குறி தவறி ராம்ப்பின் விளிம்பில் மோதினால் அந்த நிதானம் கிடைக்காது என்பதால், அங்கும் படி 6இன் கணக்கு தேவைப்படும்.

மல்ட்டிபால் தொடங்கியதும் பழைய படபடப்பு திரும்ப வரும். அப்போது ஒரு பந்தை இடது ஃபிளிப்பரில் பிடித்து வைத்துக்கொண்டு, வலது ஃபிளிப்பரால் மட்டும் மீதியை ஆடுங்கள். பந்துகள் குறைந்து ஒன்று மட்டும் மிஞ்சும் தறுவாயில், பிடித்து வைத்திருப்பது உங்களிடம் பத்திரமாக இருக்கும்.

இதன்பின், மாறுபட்ட மேசைகளுக்குச் செல்லலாம். ஸ்டீவ் ரிச்சியின் ‘பிளாக் நைட்’ (1980) இரண்டு தளங்கள் கொண்டது. அவுட்லேனை நோக்கிச் செல்லும் பந்தைக் காந்தத்தால் பிடிக்கும் ‘மேக்னா-சேவ்’ பொத்தான் அதில் கூடுதலாக உண்டு, அதற்கொரு விசையை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள். காட்லீப்பின் ‘பிளாக் ஹோல்’ (1981) மேசையில், கண்ணாடிக்குக் கீழே இன்னொரு தளம் எதிர்த்திசையில் சாய்ந்திருக்கிறது. அங்கே பந்து உங்களை விட்டு விலகி உருளும்; அதனால் படி 6இல் பழகிய திசைகளைத் தலைகீழாக எண்ணிக்கொள்ள வேண்டியிருக்கும்.