அசைவுக் கோளாறுகளை ஸ்கேனில் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்கள், நாங்கள் தொடக்கத்தில் சறுக்கிய அதே இடங்களில் வரிசை மாறாமல் சறுக்குகிறார்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் கொண்டுபோகக் கூடாது என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அதை வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்.

ஸ்கேன் நார்மல், அதனால் நோய் இல்லை

டூரெட் (டிக் எனும் திடீர் அசைவுகளும் ஒலிகளும் வரும் கோளாறு), எசென்ஷியல் ட்ரெமர் (வேலை செய்யும்போது கை நடுங்கும் கோளாறு), மரபுவழி டிஸ்டோனியாவில் (தசை இழுத்து முறுக்கிக்கொள்ளும் கோளாறு) பெரும்பாலானவை ஆகியவற்றில் சாதாரண எம்.ஆர்.ஐ. பளிச்சென்று எதையும் காட்டாது. வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் படம். ஒரு பக்கக் கைகால் தூக்கியெறியும் ஹெமிபலிஸத்தில் ஆழ்மூளையில் உள்ள சப்தலாமிக் நியூக்ளியஸ் அருகே பக்கவாதம் இருக்கலாம். சர்க்கரை கட்டுமீறி வரும் கொரியாவில் (நடனம்போல் கைகால் துள்ளும் கோளாறு) எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகையான டி1 படத்தில், புட்டமென் என்னும் ஆழ்மூளைப் பகுதி வெளுத்துத் தெரியும். இளவயதுக்காரர் என்றால் வில்சன் நோயை (உடலில் செம்பு சேரும் மரபுநோய்) மறக்காதீர்கள்.

"அசையாமல் படுங்கள்"

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். டிக் உள்ளவரை எஃப்.எம்.ஆர்.ஐ.க்குள் (மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன்) படுக்கவைத்து, அசையாதீர்கள் என்கிறோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கை அடக்குகிறார். ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவருக்கோ அடக்குவதற்கு எதுவும் இல்லை, சும்மா படுத்திருக்கிறார். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, மிஞ்சும் வண்ணப் புள்ளிக்கு 'நோயின் இருப்பிடம்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அது அடக்குவதற்குப் பட்ட பாடாகவும் இருக்கலாமே!

அடக்க முடியாமல் போனால் வேறு தொல்லை. ஒரு மாணவர், மூளைப் பகுதிகள் இணைந்து இயங்கும் புதிய நெட்வொர்க் கிடைத்துவிட்டது என்று ஒரு படத்தோடு வந்தார். மூளையின் விளிம்பைச் சுற்றி வளையமாகச் சிவப்பு. தலை ஆடினால் விழும் தடம் அது. டிக் எந்த நொடியில் வந்தது என்று பார்க்க வீடியோ கேட்டேன். எடுக்கவே இல்லை. பல மாத வேலை போயிற்று.

2012இல் அமெரிக்காவில் மூன்று குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின: ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தலையசைவு போதும், அருகருகே உள்ள பகுதிகளின் இணைப்பு வலுத்ததாகவும் தொலைதூர இணைப்பு தளர்ந்ததாகவும் கணக்கு காட்டும். அவற்றில் ஒன்றான செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, குழந்தைகளின் மூளை வளர்ச்சி பற்றித் தானே முன்பு சொன்னதில் ஒரு பகுதியையும் இதனால் சந்தேகிக்க வேண்டியதாயிற்று. (அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.)

தலை ஆடிய பிரேம்களை (ஸ்கேனர் அடுத்தடுத்து எடுக்கும் படங்களை) வெட்டிவிட்டால் தீர்ந்ததா? டிக் வந்த பிரேம்களும் அவற்றோடு போய்விடும். ஆகவே ஸ்கேனருக்குள்ளேயே வீடியோ எடுங்கள், வசதி இருந்தால் இ.எம்.ஜி.யும் (தசையின் மின்பதிவு). ஒப்பீட்டுக் குழுவைக் கண் சிமிட்டாமல் அடக்கச் சொல்லுங்கள். இரு குழுக்களும் எவ்வளவு அசைந்தன என்பதைக் கட்டுரையில் போடுங்கள். ஓய்வுநிலை ஸ்கேனில் (எந்த வேலையும் தராமல் எடுப்பது) பிரேமுக்குப் பிரேம் 0.5 மி.மீ. நகர்வை அனுமதிப்பது என் கணக்கில் தாராளம், 0.2தான் சரி.

நடுங்கும்போது ஒளிரும் பகுதிதான் காரணம்

கை நடுங்குவதாலும் அது ஒளிரும்.

டாட்ஸ்கேனிடம் அதிகம் கேட்பது

டாட்ஸ்கேன், மூளையில் டோபமின் டிரான்ஸ்போர்ட்டர் (டோபமினை நரம்பு செல்லுக்குள் திரும்ப எடுக்கும் புரதம்) எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஸ்கேன். எசென்ஷியல் ட்ரெமரையும் பார்கின்சனையும் பிரித்துக்காட்ட அது உதவும். பார்கின்சனா, அதைப்போலவே தோன்றும் மல்டிபிள் சிஸ்டம் அட்ரஃபியா என்று கேட்டால் கைவிரித்துவிடும். எடுப்பதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள்: பூப்ரோபியான், மெத்தில்ஃபெனிடேட் இரண்டும் அதே டோபமின் டிரான்ஸ்போர்ட்டரில் போய் உட்காருபவை. நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருந்து எழுதிய மருத்துவர் சொல்லட்டும்.

குளோபஸ் பாலிடஸில் கால்சியம் படிவு

குளோபஸ் பாலிடஸ் ஆழ்மூளையில் இருக்கும் ஒரு பகுதி. அங்கே கால்சியம் படிந்திருப்பது வயதானவர்களின் சி.டி.யில் சகஜம். அதை மட்டும் பிடித்துக்கொண்டு நடுக்கத்துக்குக் காரணம் சொல்லாதீர்கள்.