யூஎஸ்பி டிரான்ஸ்ஃபர் கேபிள் வேலை செய்யவில்லையா? பழுது எந்தப் பக்கம் என்று பிடிப்பது எப்படி

இரண்டு கம்ப்யூட்டர்களை நேராக இணைத்து ஃபைல்களை மாற்றத்தான் இந்தக் கேபிள். முதலில் கேபிளின் நடுவைப் பாருங்கள். தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் புடைப்பு இருக்க வேண்டும். சில மாடல்களில் அது ஒரு முனையை ஒட்டி இருக்கும். அப்படி எதுவுமே இல்லாமல், இரு முனையிலும் பென் டிரைவில் இருப்பது போன்ற ஏ டைப் பிளக் மட்டும் இருந்தால், அதை உடனே கழற்றிவிடுங்கள். அது டிரான்ஸ்ஃபர் கேபிளே இல்லை.

யூஎஸ்பியில் கம்ப்யூட்டர்தான் முதலாளி. மவுஸ், பென் டிரைவ் எல்லாம் சொன்னதைச் செய்பவை. இரண்டு முதலாளிகளை வெறும் ஒயரால் கட்டினால் பேச்சே நடக்காது. போதாததற்கு இரு பக்கமிருந்தும் 5 வோல்ட் வந்து மோதும், போர்ட் போய்விடலாம். அந்தப் புடைப்புக்குள் இருக்கும் பிரிட்ஜ் சிப் இரண்டு கம்ப்யூட்டரிடமும் தன்னை ஒரு சாதனமாகவே காட்டிக்கொண்டு, இங்கே வாங்கியதை அங்கே கொடுக்கிறது. அதாவது ஒரே கேபிளை இரண்டு கம்ப்யூட்டரும் தனித்தனியாக அடையாளம் காண வேண்டும். பழுது பார்ப்பதற்கான பிடி இதில்தான் இருக்கிறது.

ஒரு முனையை மட்டும் முதல் கம்ப்யூட்டரில் செருகுங்கள். விண்டோஸ் பட்டனோடு எக்ஸ் அழுத்தி டிவைஸ் மேனேஜரை (கம்ப்யூட்டரில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியல்) திறந்து வைத்துக்கொண்டு செருகினால், பட்டியல் ஒரு தடவை துள்ளி, புதிதாக ஒரு வரி சேரும். அந்த முனையைக் கழற்றிவிட்டு, மறுமுனையை இரண்டாவது கம்ப்யூட்டரில் செருகி அதையே செய்யுங்கள். ஒன்றில் வந்து மற்றதில் வரவில்லை என்றால் முனைகளை மாற்றிச் செருகுங்கள். பழுது முனையோடு சேர்ந்து இடம் மாறினால் கேபிள் போய்விட்டது. அதே கம்ப்யூட்டரிலேயே நின்றால் அங்குள்ள போர்ட் அல்லது டிரைவர் (சாதனத்தை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்)தான் காரணம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புது கேபிள் வாங்கப் போகாதீர்கள்.

வரி வந்தும் மஞ்சள் முக்கோணம் இருந்தால், அதை இரட்டை கிளிக் செய்து கோட் எண்ணைப் பாருங்கள். 28 என்றால் டிரைவர் இல்லை. 10 என்றால் சாதனம் தொடங்கவில்லை. டிரைவரை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி போடுங்கள். 43 வந்தால் பெரும்பாலும் மின்சாரமோ தொடர்போ சரியில்லை: ஹப்பையும் எக்ஸ்டென்ஷனையும் எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு, மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள்.

எந்த டிரைவர் என்று தெரியாவிட்டால், அதே இரட்டை கிளிக்கில் திறக்கும் பெட்டியின் டீடெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விஐடி (தயாரித்த நிறுவனத்தின் எண்) 067பி என்று இருந்தால் சிப் புரோலிஃபிக் நிறுவனத்துடையது. அடுத்து வரும் பிஐடி (சிப் மாடலின் எண்) 25ஏ1 என்றால் யூஎஸ்பி 2.0 சிப், 27ஏ1 என்றால் 3.0 சிப். பெட்டியில் '3.0' என்று அச்சடித்திருப்பதைவிட இந்த எண்ணை நம்பலாம்.

கேபிள் இரு பக்கமும் தெரிகிறது, ஆனாலும் ஃபைல் போக வழியில்லை என்றால் மென்பொருள்தான் மிச்சம். பல கேபிள்கள் செருகியதும் ஒரு பொய் சிடி டிரைவாகத் தோன்றும். மென்பொருள் அதற்குள்ளேயே இருக்கும். தானாகத் திறக்காவிட்டால் திஸ் பிசிக்குள் போய் நீங்களே இயக்குங்கள், இரண்டு கம்ப்யூட்டரிலும். பழைய கேபிள் என்றால் அதிலுள்ள மென்பொருளும் பழசாக இருக்கும். கேபிள் நிறுவனத்தின் தளத்தில் புதியதைத் தேடுங்கள். விண்டோஸ் ஈஸி டிரான்ஸ்ஃபருக்கென்று (பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு ஃபைல்களை மாற்ற விண்டோஸிலேயே இருந்த புரோகிராம்) விற்ற கேபிளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விண்டோஸ் 8 வரை அது சரி, 8.1-இல் கேபிள் வழியை எடுத்துவிட்டார்கள், 10-இல் அந்தப் புரோகிராமே கிடையாது.

பாதி காப்பியில் அறுந்து போகிறதா? பெரும்பாலும் ஒரு கம்ப்யூட்டர் தூங்கப் போயிருக்கும். இரண்டிலும் ஸ்லீப்பை நெவர் என்று வையுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைக்கும் வசதி) அணையுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்கட்டும். ஒரே ஃபைலில் திரும்பத் திரும்ப நின்றால் அந்த ஃபைல் ஏதோ புரோகிராமில் திறந்திருக்கிறது (அவுட்லுக்கின் மெயில் ஃபைல் அடிக்கடி இப்படி மாட்டும்), அல்லது ஒன்டிரைவில் மேகக்குறியோடு இருக்கிறது. மேகக்குறி இருந்தால் ஃபைல் இன்னும் அந்தக் கம்ப்யூட்டருக்கே வந்து சேரவில்லை. முதலில் டவுன்லோடு செய்துவிட்டு அனுப்புங்கள்.

வேகம் குறைவு என்ற புகாரில் பாதி, கேபிளின் இயல்பு. யூஎஸ்பி 2.0-இன் 480 மெகாபிட் என்பது கணக்குப்படி நொடிக்கு 60 எம்பி; கையில் கிடைப்பது 20 எம்பி அளவில்தான். 100 ஜிபிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். நொடிக்கு 1 எம்பியைத் தாண்டவே இல்லையென்றால், ஏதோ ஒரு பக்கம் யூஎஸ்பி 1.1 வேகத்துக்கு இறங்கிவிட்டது, போர்ட்டை மாற்றுங்கள். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன போட்டோக்களை ஒரே ஜிப்பாக்கி அனுப்பினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

டைப்-சி போர்ட்டுகளைச் சாதாரண சார்ஜிங் கேபிளால் இணைத்துவிட்டு ஃபைல் வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம். ஒரு லேப்டாப் மற்றதற்குச் சார்ஜ் ஏற்றுவதோடு சரி. இரண்டிலும் தண்டர்போல்ட் அல்லது யூஎஸ்பி4 இருந்து, கேபிளும் அதற்குரியதாக இருந்தால் மட்டும் நெட்வொர்க்காக இணையும்.

எதுவும் நடக்காவிட்டால் ஒரு லேன் கேபிளை இரண்டுக்கும் நேராகச் செருகி, ஃபோல்டரை ஷேர் செய்யுங்கள். கிகாபிட் போர்ட் என்றால் நொடிக்கு 100 எம்பியைத் தொடும். எந்த வழியில் அனுப்பினாலும், பழைய கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்வதற்கு முன் இரு பக்கமும் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து ஃபைல் எண்ணிக்கையையும் பைட் கணக்கையும் ஒப்பிடுங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்' வேறுபடலாம், 'சைஸ்' வேறுபடக் கூடாது.